யாவோரின் சரங்கள்

என் அண்ணன் யாவோருக்கு முதலில் வலது கை விரல்கள் போயின. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்று ஒரு நாள் காலையில் என் முன்னால் வந்து நின்றான்.  அப்பாவுக்கும் பொத்தானில்தான் ஆரம்பித்தது. நான் போட்டுவிட்டேன். அவன் வேலைக்குப் போனான்.

தசைகளை ஒவ்வொன்றாகச் சாகடிக்கும் நோய் அது. கை, கால், பிறகு நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. மூளைக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. நடப்பதையெல்லாம் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் குடும்பத்தில் அது ரத்தத்தோடு வருகிறது. நான் டான்யூப் நதிக்கரையில் ரூஸே நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எந்த மாத்திரை எதற்கு என்று தெருவுக்கே சொல்லுகிறவள். இதற்கு மாத்திரை கிடையாது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவனுக்குக் கால்களும் தளர்ந்தபோது என் வீட்டைப் பூட்டிவிட்டு அவனுடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டேன். வேறு யாரும் இல்லை. அண்ணி பில்யானா அதற்குப் பல வருடம் முன்பே பிரிந்து போயிருந்தாள்.

அந்தப் பிரிவில் கெட்டவர்கள் யாரும் இல்லை. அவளுக்குக் குழந்தை வேண்டும். அவனுக்கு வேண்டாம். அப்பா படுக்கையில் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன். அதை இன்னொரு உயிருக்குக் கொடுக்க மாட்டேன் என்றான். "ரத்தத்தைச் சோதித்துப் பார், உனக்கு இல்லாமலும் இருக்கலாம்" என்று அவள் கெஞ்சினாள். தெரிந்துகொண்டால் அதற்கப்புறம் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்க முடியாது என்று அவன் மறுத்துவிட்டான். அவள் முப்பத்தாறு வயதுவரை காத்திருந்தாள். பிறகு ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே ருமென் என்ற எங்கள் ஊர்க்காரரையே கட்டிக்கொண்டாள். கலினா என்று ஒரு பெண் குழந்தை. கிறிஸ்துமஸுக்கு எனக்கு மட்டும் குழந்தையின் படம் அனுப்புவாள். நான் அதை அண்ணனிடம் காட்டுவதில்லை. அவன் கேட்பதும் இல்லை.

அண்ணனும் பில்யானாவும் சேர்ந்து செய்த ஒன்று மட்டும் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் இன்னும் உயிரோடு இருந்தது. பஸ் நிலையங்களில் தொங்கும் மின்பலகைகளில் எந்த ஊர் வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று ஓடுமே, அதை ஓட்டுகிற கணினி நிரல். கல்யாணமான புதிதில், ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறையில் உட்கார்ந்து, சி என்ற கணினி மொழியில் எழுதியது. கீழேயிருந்து பனிட்சா என்ற பாலாடைக்கட்டி அடை வேகும் வாசனை வரும். வயிறு கேட்டால் ஒருவர் இறங்கிப் போய் வாங்கிவருவார்கள், மற்றவர் எழுதிக்கொண்டிருப்பார். அப்படி எழுதியது.

நான் அவனோடு இருக்க வந்த வசந்தத்தில் பஸ் நிலையங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பழைய பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவை மாட்டப் போகிறார்களாம். யாவோரின் நிரல் புதிய பலகையில் ஓடவில்லை. எழுத்துக்குப் பதில் கறுப்புக் கட்டங்கள் வருகின்றன. இலையுதிர் காலத்துக்குள் சரி செய்தால் வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் வேறு ஒன்றை வாங்குவோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார். சக்கர நாற்காலியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போனார்.

என்ன சிக்கல் என்று அண்ணன் எனக்கு விளக்கினான். எழுத்துகளைக் கோத்த வரிசைக்கு நிரல் எழுதுகிறவர்கள் சரம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். சி மொழிக்குச் சரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஓர் ஊர்ப்பெயரோடு இன்னொன்றை ஒட்ட வேண்டுமென்றால் நீளத்தை நாம் அளக்க வேண்டும், இடத்தை நாம் கேட்டு வாங்க வேண்டும், கிடைத்ததா என்று பார்க்க வேண்டும், ஒன்றை வைத்து அதன் வாலில் அடுத்ததை ஒட்டி, வேலை முடிந்ததும் இடத்தை மறக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த ஆறேழு வரிகளை, ஊர்ப்பெயர் வரும் இடத்திலெல்லாம், மறுபடி மறுபடி அப்படியே நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். பழைய பலகையில் எங்கள் மொழி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் போதும். புதியதில் இரண்டு இடம் வேண்டும். பலகையில் அடங்காத பெயரை வெட்டும்போது பழைய கணக்கு எழுத்தைப் பாதியில் பிளந்துவிடுகிறது. அதுதான் கறுப்புக் கட்டம்.

"அப்ப எல்லா இடத்துலயும் மாத்தணுமா?"

"மாத்தினா திரும்பவும் அதே குப்பைதான். எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே இடத்துல ஒழுங்கா எழுதணும். மத்த இடமெல்லாம் அதைக் கூப்பிட்டா போதும். அப்படிச் செஞ்சு வச்சா எனக்கப்புறம் எவன் வேணா எடுத்துப் பாத்துக்கலாம்."

எனக்கப்புறம் என்பதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

அவன் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வது என்று ஏற்பாடு. அவனுக்கு நாக்கு லேசாகக் குழற ஆரம்பித்திருந்த நேரம்.

"ஸ்டார் போடு."

"நட்சத்திரமா?"

"எட்டுக்கு மேல இருக்கும், பாரு."

"போட்டுட்டேன்."

"பேருக்கு முன்னாடி போடணும், டெனி. பின்னாடி போட்டிருக்க."

"எந்தப் பேருக்கு?"

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "விடு. நீ இருமல் மருந்து வித்துப் பொழச்சுக்கோ."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அன்று முழுவதும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் நான்தான் பேச்சை எடுத்தேன். "லின்ஸுக்குப் போன் போட்டு அவங்களக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டா உன்னை இந்த வீட்டைவிட்டுத் தூக்கி வெளிய போட்டுடுவேன்."

"எப்படித் தூக்குவ?"

மடியில் கிடந்த தன் கைகளை அவன் குனிந்து பார்த்தான். பிறகு அந்த வாரத்திலேயே முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் அழைத்ததும் பில்யானா, "டெனி? யாரு போயிட்டாங்க?" என்றாள். அதுவரை நான் அவளைத் தொலைபேசியில் அழைத்ததே இல்லை.

"யாரும் போகல அண்ணி." இவள் எனக்கு இப்போது அண்ணி இல்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அப்படியே வந்துவிட்டது. "அப்பாவோட வியாதி அவனுக்கும் வந்துடுச்சு."

 பின்னணியில் ஒரு குழந்தை ஜெர்மன் மொழியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"பேச முடியுதா?" என்றாள்.

"முடியுது. குழறுது."

"கை?"

"இல்ல."

ஜூலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து நாட்டின் புக்காரெஸ்ட் விமான நிலையத்திலிருந்து சின்ன பஸ்ஸில், டான்யூப் பாலத்தைத் தாண்டி. ஊருக்கு வெளியே கீழ் லிப்னிட்சா கிராமத்தில் அவளுடைய அம்மா இருக்கிறார். குழந்தையை அங்கே விட்டுவிட்டுத் தினமும் காலை பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வருவது, சாயங்காலம் திரும்பிப் போவது என்று வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் அவள் வந்ததும் அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் வாசலில் நின்று அவனைப் பார்த்தாள்.  அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் போய் கணினி முன்னால் உட்கார்ந்து, நிரலைத் திறந்து, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு,

"எந்தக் கழுதை எழுதினது இதை?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"நீளத்தை அளந்திருக்கு. உடனே அடுத்த வரியில திரும்ப அளந்திருக்கு. நடுவுல ஊர்ப்பேரு வளர்ந்துடுமா? இடம் வாங்கியிருக்கு, கிடைச்சுதான்னு பாக்கவே இல்ல. கழுதைகூடக் கால வைக்கறதுக்கு முன்னாடி தரையைப் பாக்கும்."

"அது நீ எழுதினது," என்றான் அண்ணன்.

"பொய்."

"வரி ஆரம்பத்துல நாலு இடைவெளி தட்டியிருக்கு பாரு. நான் டேப் பட்டனைத்தான் தட்டுவேன். எப்பவும்."

அவள் திரையில் குனிந்து பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிப்பா வேறு ஏதாவதா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. திரும்பியபோது கண் சிவந்திருந்தது. உதட்டில் சிரிப்பு இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் புரியாத ஒரு பேச்சு ஓட ஆரம்பித்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு துண்டு எழுதினார்கள். அதற்கு 'ஒட்டு' என்று எங்கள் மொழியிலேயே பேர் வைத்தார்கள். அந்தப் பேருக்கே ஒரு காலைப் பொழுது சண்டை. ஒட்டுக்குப் பலகையின் அகலத்தைச் சொல்லி, வேண்டிய பெயர்களைக் கொடுத்தால் போதும். அளப்பது, இடம் பார்ப்பது, எழுத்தைப் பிளக்காமல் முழு எழுத்தில் வெட்டுவது எல்லாம் அதன் பாடு. பிறகு பழைய நகல்களை ஒவ்வொன்றாக அவள் வாசிப்பாள். அவன் கண்ணை மூடிக் கேட்பான். "அதேதான், எடுத்துடு" என்பான். அவள் அந்த வரிகளையெல்லாம் அழித்துவிட்டு ஒரே வரியில் ஒட்டைக் கூப்பிடுவாள். அழிக்கும்போதெல்லாம் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். முதுகில் எட்டாத இடத்தை யாரோ சொறிந்துவிட்ட மாதிரி.

"எத்தனை எடத்துல ஒரே தப்பை எழுதியிருக்கோம்," என்றான் ஒரு நாள்.

"சின்ன வயசு," என்றாள் அவள். "எதைப் பண்ணாலும் திரும்பத் திரும்பப் பண்ணோம்."

நான் சமையலறையில் தயிர்ச்சூப்புக்கு வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தேன். அவள் அடுத்த நகலை வாசிக்க ஆரம்பிப்பது கேட்டது.

ஆகஸ்டு பிறந்தபோது அவன் பேச்சு மிகவும் மோசமாகிவிட்டது. மெய்யெழுத்துகள் எல்லாம் உதிர்ந்து உயிரெழுத்துகள் மட்டும் மிஞ்சிய மாதிரி. தினமும் கூடவே இருக்கும் எனக்கே பாதிதான் புரிந்தது. ஆனால் பில்யானாவுக்குப் புரிந்தது. அவர்கள் பேசுவது முழுவதும் இருவருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் இருக்கலாம். அவன் பாதி சொல்லும்போதே அவளுக்கு மீதி வந்துவிடும். கொஞ்ச நாளில் நான் என் சொந்த அண்ணன் சொல்வதைக்கூட அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"என்ன சொல்றான் அண்ணி?"

"காலுக்குக் கீழ தலையணை வேணுமாம். நேத்து வச்ச மாதிரி இல்ல, முந்தாநேத்து மாதிரி."

ஒரு நாள் அவள் ஒரு நகலை வாசித்துவிட்டு, அவன் சொல்வதற்கு முன்பே "அதேதான்" என்று அழிக்கப் போனாள். அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டான். நான் ஓடி வந்தேன், மூச்சடைக்கிறது என்று நினைத்து.

"வேண்டாங்கறான்," என்று என்னிடம் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஏன்? இதுவும் அதே வரிதானே. கடைசியில ஒண்ணே ஒண்ணு கூட இருக்கு. பேரை முடிவுல வெட்டாம நடுவுல வெட்டியிருக்க. எதுக்கு?"

அவன் சொன்னான். அவள் கேட்டாள். திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு விசையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். பலகையில் ஊர்கள் அகரவரிசையில் வரும் என்பதால் "லிப்னிட்சா, கீழ்" "லிப்னிட்சா, மேல்" என்று எழுதுவார்கள். இடம் போதாமல் முடிவில் வெட்டினால் இரண்டும் வெறும் லிப்னிட்சா ஆகிவிடும். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவளுடைய அம்மா ஊறவைத்த முட்டைக்கோஸ் ஜாடியோடு, ஊருக்குத் திரும்பப் பலகையைப் பார்த்து வண்டி ஏறி, மேல் லிப்னிட்சாவில் போய் இறங்கினார். பனியில் அடுத்த வண்டி வரும்வரை ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"அம்மா அந்த வருஷம் பூரா இவனைத் திட்டினாங்க," என்றாள். "இவன் சிரிச்சுட்டுப் போயிட்டான். கண்டுக்கவே இல்லன்னு நான்கூடச் சண்டை போட்டேன். போயி இதை எழுதி வச்சிருக்கான். சொல்லவே இல்ல."

"சொல்லியிருக்கலாமே அண்ணா?"

அவன் ஏதோ சொன்னான். எனக்கே புரிந்தது. "யாரும் கேக்கல."

அந்த இடத்தில் மட்டும் எழுத்துக் கணக்கைத் திருத்தி, நடுவில் வெட்டுவதை அப்படியே விட்டுவைத்தார்கள்.

அந்த வாரம் நான் பால்கனியில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தில் எங்கள் குடியிருப்பு முழுவதும் அந்தப் புகைதான். பில்யானா பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரித்தாள். அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கலாமா அண்ணி?"

"அதைக் கேக்காத."

கேட்கவில்லை. அடுத்த மிளகாயை எடுத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "தினமும் பஸ்ஸுல வரும்போது நினைக்கறேன், போகாம இருந்திருக்கலாமேன்னு. இங்க இருந்திருக்கலாம், பொத்தான் போட்டுவிட்டிருக்கலாம். சாயங்காலம் திரும்பிப் போறேன், கலினா வாசல்ல நின்னு ஓடி வரா. போகாம இருந்திருந்தா இவ இல்ல. அதுக்கு மேல என்னால யோசிக்க முடியல, டெனி. ரெண்டும் ஒரே நாள்ல நடக்குது."

அவள் விரல்கள் கருகிய தோலால் கறுத்திருந்தன. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாதக் கடைசியில் புதிய பலகைகள் ஒளிர ஆரம்பித்தன. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மூவரும் எங்கள் பஸ் நிலையத்துக்குப் போனோம். நல்ல வெயில். மேடை ஓரத்தில் நிழல் பார்த்து நின்றோம். ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. எங்கேயும் கறுப்புக் கட்டம் இல்லை. பலகைக்குக் கீழே ஒரு கிழவர், கண் தெரியாத தன் மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எந்தப் பெயரிலும் தடுமாறவில்லை.

அண்ணன் அழ ஆரம்பித்தான். இந்த நோயில் சிரிப்பும் அழுகையும் கேட்காமலே வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆரம்பித்தால் அவனால் நிறுத்த முடியாது. அழுவது நோயா அவனா என்று எனக்குத் தெரியவில்லை. பில்யானா அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டுநர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் விடவில்லை.

கலினாவுக்குப் பள்ளி திறக்கப் போகிறது. அடுத்த நாள் பில்யானா விடைபெற வந்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பவும் உள்ளே போய் அவன் முன்னால் மண்டியிட்டாள். அவன் ஏதோ சொன்னான். நீளமாக இருந்தது, சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.  அவள் அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்து முத்தமிட்டு, மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விமான நிலையத்திலிருந்து அழைத்தபோது கேட்டேன்.

"'நீ போனதுதான் சரி'ன்னான்," என்றாள். "'அப்பவும் சரி, இப்பவும் சரி'ன்னான்."  குழந்தை, "அம்மா, ஏன் அழற?" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

அவள் போனதோடு எனக்கு அவன் மொழியும் போய்விட்டது. கண்ணால் எழுத்தைக் காட்டும் அட்டை ஒன்றை மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். அது அவனைச் சீக்கிரம் களைப்பாக்கியது. பாதிச் சொல்லில் கண்ணை மூடிவிடுவான். அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் பில்யானாவைத் தொலைபேசியில் அழைத்து, கருவியை அவன் வாயருகே பிடிப்பேன். லின்ஸிலிருந்து அவள் சொல்லுவாள்.

"போர்வை கனமா இருக்காம்."

"ஜன்னலைத் திறக்கச் சொல்றான். குளிரினாலும் பரவாயில்லையாம்."

"நீ ரொம்ப மெலிஞ்சுட்டியாம். ஒழுங்கா சாப்பிடச் சொல்றான்."

ஒரே அறையில், ஒரு கை தூரத்தில் இருந்துகொண்டு, என் அண்ணன் பேசுவது இன்னொரு நாட்டுக்குப் போய் என்னிடம் திரும்பி வந்தது. சில சமயம் அவள் அலுவலகக் கூட்டத்தில் இருப்பாள். வெளியே வந்து எடுப்பாள். சில சமயம் ருமென் எடுத்து, "இதோ கூப்பிடறேன், இருங்க" என்று ஓடுவார். ஒரு தடவைகூட அவர் சலித்துக்கொண்டதில்லை. அதை நான் மறக்கவே மாட்டேன்.

பனிக்காலம் முழுவதும் இப்படித்தான் போயிற்று. பிப்ரவரியில் ஒரு காலை, அண்ணன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். இரண்டே அசைகள். ஓ, ஆ. எங்கள் மொழியில் தண்ணீருக்கும் அந்த ஓசைதான், வீட்டுக்கும் அந்த ஓசைதான், எப்போது என்று கேட்டாலும் அந்த ஓசைதான். நான் பில்யானாவை அழைத்தேன்.

"அண்ணா, திரும்பச் சொல்லு. அண்ணி கேக்கறாங்க."

சொன்னான். 

"இன்னொரு தரம், யாவோர்," என்றாள் அவள்.

சொன்னான்.

"தண்ணியா?"

ஆமாம் என்றால் அவன் கண்ணை இறுக மூடித் திறப்பான். மூடவில்லை. நான் இல்லை என்றேன்.

"வீடா? நீ வீட்லதான் இருக்க. வேற யாரு வீடாவதா?"

மூடவில்லை.

"எப்போன்னு கேக்கறியா? நான் எப்போ வருவேன்னா?"

அவன் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூடவும் இல்லை, பார்வையை எடுக்கவும் இல்லை. அவன் கண்ணில் கோபம் இல்லை. நாங்கள் தேடுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான், சின்னக் குழந்தைகள் பூட்டைத் திறக்கப் பார்ப்பதைப் பார்ப்பதுபோல.

"எனக்கும் புரியல, டெனி," என்றாள் பில்யானா.  "யாவோர், மன்னிச்சுக்கோ. எனக்குப் புரியல."

அப்போது அவன் மெதுவாகக் கண்ணை மூடினான். அதற்கப்புறம் அவன் ஒன்றும் சொல்ல முயலவில்லை. சில நாளில் ஒரு விடிகாலையில், தூக்கத்திலேயே மூச்சு நின்றது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

கட்டடத்தின் கதவில் அவன் படம் போட்ட இறப்பு அறிவிப்பை ஒட்டினோம். ருமென் லின்ஸிலிருந்து எங்கும் தங்காமல் கார் ஓட்டிப் பில்யானாவை அழைத்து வந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்துகொண்டார். பாதிரியார் ஓத ஆரம்பித்தபோது அவள் கூட்டத்துக்குப் பின்னால், அடுத்த வரிசைக் கல்லறை ஓரமாக நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"முன்னாடி வாங்க."

"நான் யாரா வந்து நிக்கறது, டெனி?"

"அண்ணியா நில்லுங்க."

வந்தாள். குழிக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர்தான் குடும்பம். ஒரு கை மண்ணை நான் போட்டேன், ஒரு கை அவள் போட்டாள். மண் உறைந்து கட்டி கட்டியாக இருந்தது. பெட்டி மேல் விழுந்த சத்தத்துக்கு அவள் உடம்பு ஒவ்வொரு தடவையும் தூக்கிப்போட்டது.

வந்தவர்களுக்கு அவித்த கோதுமையும் ரொட்டியும் கொடுத்து அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்தோம். ருமென் கீழே கடைக்குப் போய் வருகிறேன் என்று எங்களைத் தனியாக விட்டார். நிரலை எடுத்துப் பார்த்துக்கொள்ள ஷூமென் ஊரிலிருந்து ஒரு பெண் முன்வந்திருக்கிறாள் என்று பில்யானா சொன்னாள். அரை நாளில் படித்துப் புரிந்துகொண்டாளாம். "இவ்வளவு சுத்தமா இருக்கே, யாரு எழுதினதுன்னு கேட்டா," என்றாள். சொல்லிவிட்டு, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

பிறகு திரும்பினாள். "டெனி. அன்னிக்கு அவன் சொன்னது."

"நானும் அதைத்தான் நினைச்சுட்டிருக்கேன்."

"ஓ, ஆ. முதல் எழுத்துல உதட்டை மூடினானா?"

"லேசா. இல்ல, தெரியல."

"உன்னைப் பாத்தானா, போனையா?"

"போனை. உங்களைத்தான்."

லிண்டன் மரத்துப் பூவில் போட்ட தேநீரை ஊற்றிக்கொண்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் ஒரு சொல் சொன்னாள். நான் அவன் வாயை நினைவில் வைத்து, அந்தச் சொல்லை அவன் மாதிரி சொல்லிப் பார்த்தேன். பொருந்தவில்லை. நான் ஒன்று சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், தலையை அசைத்தாள். இன்னொன்று. அதுவும் இல்லை. அந்த ஓசையில் எங்கள் மொழியில் இத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ருமென் திரும்பி வந்து, வாசலில் காலணியைக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம்.